ரைடு அண்ட் ஸ்ட்ரைடு: பாதிப் பணம் நம்ம ஊருக்கு, பாதிப் பணம் ட்ரஸ்டுக்கு

இங்கிலாந்துல செப்டம்பர் மாசம் ரெண்டாவது சனிக்கிழமை கிராமத்துப் பக்கம் போனீங்கன்னா ஒரு விஷயம் கண்ணுல படும். கையில ஒரு மடிச்ச ஃபார்மை வச்சுக்கிட்டு ஆளுங்க ஒவ்வொரு சர்ச்சா ஏறி இறங்கிக்கிட்டு இருப்பாங்க, சிலர் சைக்கிள்ல, சிலர் நடந்து, அபூர்வமா யாராவது குதிரை மேல கூட. ஆராதனைக்கு வந்தவங்க இல்ல. உள்ள போவாங்க, கையெழுத்து வாங்குவாங்க, ஒரு டம்ளர் ஜூஸ் குடிச்சிட்டு, மேல கூரையை ஒரு தடவை அண்ணாந்து பாத்துட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிடுவாங்க. இதுக்குப் பேரு ரைடு அண்ட் ஸ்ட்ரைடு. பழைய சர்ச் கட்டடங்களை ரிப்பேர் பண்றதுக்குப் பணம் சேர்க்கற ஸ்பான்சர் நடை, சைக்கிள்காரங்களுக்கு ஸ்பான்சர் ரைடு.

ஸ்பான்சர் வாக்னாலே இப்ப நமக்குத் தோணறது கலர் டி-ஷர்ட், மெடல், ஸ்டார்ட்டிங் லைன்ல ஒரு டிவி நடிகர், இன்ஸ்டாவுல நூறு போட்டோ. இதுல அந்த எதுவுமே இல்ல, ஸ்டார்ட்டிங் லைனே கிடையாது, யார் எங்க வேணா ஆரம்பிக்கலாம் எங்க வேணா முடிக்கலாம். ஆனா 1980களோட ஆரம்பத்துல சஃபோக் கவுண்டில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) தொடங்கினது இன்னிக்கு வரைக்கும் ஓடுது, பக்கத்து கவுண்டிங்க ஒண்ணொண்ணா அதையே எடுத்துக்கிச்சு, இப்ப நேஷனல் சர்ச்சஸ் ட்ரஸ்ட் நாடு முழுக்க ஒரே நாள்ல நடக்கற மாதிரி சேர்த்துக் குடுக்குது, நல்ல வருஷத்துல எல்லா கவுண்டியும் சேர்ந்து பத்து லட்சம் பவுண்டுக்கு மேல வருது. ஏன் இது தாக்குப் பிடிச்சதுன்னு கேட்டா சாதாரணமா சொல்றது 'சமூக உணர்வு', 'பாரம்பரியம்'. எனக்கு அதுல பெருசா நம்பிக்கை இல்ல. சேர்ற பணத்துல பாதி நடக்கறவங்க சொல்ற சர்ச்சுக்கு, பாதி அந்த கவுண்டியோட சர்ச்சுகளுக்கு உதவற ட்ரஸ்டுக்குன்னு ரெண்டாப் பிரிக்கற அந்த ஒரு ரூல்தான் காரணம்னு நினைக்கறேன், அதைத்தான் இங்க விளக்கமா எழுதறேன்.

முதல்ல, அரசாங்கம் ஏன் குடுக்கல?

வெளியில இருந்து பாக்கறவங்க எல்லாரும் கேக்கற கேள்வி இது. சர்ச் ஆஃப் இங்கிலாந்து அரசு மதம், மன்னர்தான் அதோட தலைவர், அப்ப கூரை ஒழுகினா கஜானாவுல இருந்து காசு வரும்தானே? வராது. 1868 வரைக்கும் ஊர்ல இருக்கற எல்லார்கிட்டயும், வேற சபைக்குப் போறவங்ககிட்ட கூட, சர்ச் பராமரிப்புக்குன்னு கட்டாய வரி வாங்க சட்டத்துல இடம் இருந்தது, அந்த வருஷம் அதை எடுத்துட்டாங்க. ஜெர்மனில சர்ச் வரி இருக்கு, பிரான்ஸ்ல 1905-க்கு முந்தின ஊர் சர்ச் எல்லாம் பெரும்பாலும் உள்ளூராட்சி சொத்து, அவங்கதான் கவனிக்கணும். இங்கிலாந்துல கட்டடத்தோட பொறுப்பு அந்தந்த ஊர் சர்ச் கவுன்சில் தலையில. அந்த கவுன்சில்னா யாரு? பெரும்பாலும் ரிட்டயர் ஆன ஏழெட்டுப் பேர், அதுல ஒருத்தர் பொருளாளர், ஒருத்தர் பூ அலங்காரத்தையும் புல் வெட்டறதையும் சேர்த்துப் பாத்துக்கறவர்.

ஞாயித்துக்கிழமை தட்டுல விழற காசு பெரும்பாலும் மறைமாவட்டத்துக்குக் கட்ட வேண்டிய பங்குக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஹீட்டிங்குக்குமே போயிடும், கட்டடத்துக்குன்னு தனியாத்தான் தேடணும். தேடாம இருக்கவும் முடியாது, ஏன்னா 1955-ல வந்த விதிப்படி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்க்கிடெக்ட் வந்து மொத்தக் கட்டடத்தையும் பாத்து ரிப்போர்ட் எழுதணும். அந்த ரிப்போர்ட்ல 'உடனடி'ன்னு ஒரு தலைப்பு இருக்கும் பாருங்க, அதைப் படிச்ச அன்னிக்குப் பொருளாளருக்குத் தூக்கம் வராது. கூரை, கோபுரம்னு வந்துட்டா ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டறது சகஜம், சாரம் கட்டறதுக்கே பெரிய தொகை போகும்.

அளவு தெரியணும்னா: சர்ச் ஆஃப் இங்கிலாந்துக்கு மட்டும் ஏறக்குறைய 16,000 சர்ச், அதுல 12,000-க்கு மேல பாதுகாக்கப்பட்ட பட்டியல்ல இருக்கு. நாட்டுல கிரேட் ஒன், அதாவது அந்தப் பட்டியலோட உச்சபட்ச வகைக் கட்டடங்கள்ல கிட்டத்தட்ட 45 சதவீதம் சர்ச்சும் கதீட்ரலும்தான். ஆக இது மதத்துக்கு நடக்கற வசூல்ங்கறதை விட, நாட்டோட பழங்காலக் கட்டடக் கலையில ஒரு பெரிய பங்கை ஊர்க்காரங்களே கையால தாங்கிப் பிடிக்கற வசூல்னு சொல்றதுதான் சரி. ஸ்பான்சர் பண்றவங்கள்ல நிறைய பேர் கிறிஸ்மஸுக்குக் கூட சர்ச் வாசப்படி மிதிக்காதவங்க.

சஃபோக்ல ஏன் ஆரம்பிச்சுது

சஃபோக் கிழக்கு இங்கிலாந்துல இருக்கற கவுண்டி, அங்க மத்திய காலத்து சர்ச் மட்டும் ஐநூறு கிட்ட இருக்கு. அந்தக் காலத்துல கம்பளி, துணி வியாபாரத்துல கொழிச்ச இடம், லாவன்ஹாம், லாங் மெல்ஃபோர்ட் மாதிரி ஊர்ல பணக்கார வியாபாரிங்க போட்டி போட்டுக் கட்டினாங்க. அப்புறம் வியாபாரம் வடக்கே போயிடுச்சு, பணமும் ஆளும் போயாச்சு, கட்டடம் மட்டும் நின்னுது. நூறு நூத்தம்பது பேர் இருக்கற ஊர்ல ஐநூறு பேர் உக்கார்ற சர்ச். இந்த நிலைமைக்காகத்தான் 1973-ல சஃபோக் ஹிஸ்டாரிக் சர்ச்சஸ் ட்ரஸ்ட் வந்துச்சு, பக்கத்து நார்ஃபோக்ல 1976-ல அதே மாதிரி ஒண்ணு. நாடு தழுவின பெரிய ட்ரஸ்ட் 1953-லேயே இருந்தது, இப்ப நேஷனல் சர்ச்சஸ் ட்ரஸ்ட்ங்கற பேர்ல இருக்கறது அதோட வாரிசு, 2007-ல பேரும் உருவமும் மாறிச்சு.

இன்னொரு காரணமும் இருக்கு, நிலம் தட்டை. ஒரு சர்ச் கோபுரத்துல இருந்து பாத்தா அடுத்த ரெண்டு மூணு கோபுரம் தெரியற ஊர் அது. சைக்கிள் மிதிச்சா ஒரே நாள்ல டஜன் கணக்குல பாத்துடலாம், நடந்தா நாலஞ்சு. மலைப் பிரதேசத்துல இந்த ஐடியா யாருக்கும் தோணியே இருக்காது.

ஒரு பாதையை எடுத்துப்போம்

கடலோரத்துல சவுத்வோல்ட்ல ஆரம்பிச்சு வால்பர்ஸ்விக், பிளைபரா, வென்ஹாஸ்டன்னு நடக்கற பாதை. மொத்தமே பத்து மைல் வாக்குலதான், ஆனா இந்த வசூல் எதுக்குன்னு புரியறதுக்கு இதைவிட நல்ல பாதை இல்ல.

சவுத்வோல்ட் சர்ச் நல்லா கவனிச்ச, பெரிய, வெளிச்சமான கட்டடம். உள்ள கவசம் போட்ட ஒரு மர வீரன் நிப்பான், சவுத்வோல்ட் ஜாக்னு சொல்லுவாங்க, கையில இருக்கற கோடாலியால மணியடிப்பான். அங்க இருந்து பிளைத் ஆத்தைத் தாண்டணும், சீசன்ல துடுப்புப் படகு இருக்கும், இல்லன்னா கொஞ்சம் சுத்திப் போய் பாலம்.

அக்கரையில வால்பர்ஸ்விக். தூரத்துல இருந்து பெரிய கோபுரத்தோட பிரம்மாண்டமா தெரியும், கிட்டப் போனா பாதிக்கு மேல கூரையே இல்லாத சுவர். நடுவுல சின்னதா ஒரு சர்ச் ஒட்டிக்கிட்டு இருக்கும். யாரும் குண்டு போடல, தீப்பிடிக்கல. மீன்பிடி படுத்து ஊர் ஏழையானதும், 1690கள்ல ஊர்க்காரங்களே மேலிடத்துல அனுமதி வாங்கி, தங்களால பராமரிக்க முடியாத பெரிய சர்ச்சை இடிச்சு சாமானை வித்துட்டு தெற்குப் பக்க இடத்துல மட்டும் சின்னதா ஒண்ணு வச்சுக்கிட்டாங்க. கொஞ்சம் வடக்கே கோவ்ஹைத்லயும் இதே கதைதான், 1672-ல பெரிய சர்ச்சோட சுவருக்கு உள்ளயே ஓலைக்கூரை போட்ட குட்டி சர்ச். தெற்கே டன்னிச்ல பராமரிப்புப் பிரச்சினையே வரல, கடலே வந்து ஒண்ணொண்ணா எடுத்துக்கிச்சு, கடைசி சர்ச்சோட கோபுரம் 1919-ல பாறை விளிம்புல இருந்து விழுந்துச்சு. வால்பர்ஸ்விக் சுவருக்கு நடுவுல நின்னு பாத்தீங்கன்னா, வசூல் நடக்கலைன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு எந்த நோட்டீஸும் தேவைப்படாது.

அப்புறம் சதுப்பு நிலமும் புதர்க்காடுமா கொஞ்ச தூரம் நடந்தா பிளைபரா. சதுப்பு நிலத்துக் கதீட்ரல்னு இதுக்கு ஒரு செல்லப்பேர். இங்கதான் எல்லாரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நிப்பாங்க, கூரை உத்திரம் பூரா ரெக்கை விரிச்ச மரத் தேவதைங்க, பழைய சாயம் இன்னும் அங்கங்க ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த மரத்துல சின்னச் சின்ன ஓட்டை. ரொம்ப நாளா, 1644-ல சிலை உடைக்கறதுக்குன்னே கவுண்டி பூரா சுத்தின வில்லியம் டவுசிங்கோட ஆளுங்க சுட்டதுன்னு ஒரு பேச்சு இருந்தது. 1970கள்ல கூரை வேலை நடந்தப்ப உள்ள இருந்த ஈயக் குண்டை எடுத்துப் பாத்தா அது 18-ஆம் நூற்றாண்டு. சர்ச் கணக்குப் புத்தகத்துலயே இருக்கு, உள்ள கூடு கட்டின காக்கா வகைப் பறவைங்களைச் சுட மருந்தும் குண்டும் வாங்கின செலவுன்னு. பழியெல்லாம் டவுசிங்குக்கு, சுட்டது சொந்த ஊர்க்காரங்க. (அவரு மத்த இடத்துல உடைச்சதுக்குக் குறைச்சல் இல்ல, அது வேற.) வடக்குக் கதவுல கருகின தடம் இருக்கும், 1577-ல புயலோட வந்த பேய் நாயோட நகம்னு சொல்லுவாங்க, குழந்தைங்க கூட்டமா வந்து அதுல விரல் வச்சுப் பாக்கும்.

கடைசியா ஏ12 மெயின் ரோட்டைக் கிராஸ் பண்ணணும், இந்தப் பாதையிலயே ஆபத்தான இடம் அதுதான். அந்தப் பக்கம் வென்ஹாஸ்டன். வெளியில இருந்து சாதாரண சர்ச். உள்ள கடைசித் தீர்ப்பு நாளை மரப் பலகையில வரைஞ்ச பெரிய ஓவியம், 1500 வாக்குல வரைஞ்சது. மதச் சீர்திருத்தக் காலத்துல வெள்ளை அடிச்சு மறைச்சிட்டாங்க, 1892-ல ரிப்பேர் பண்ணும்போது இது என்ன பழைய பலகைன்னு கழட்டி கல்லறைத் தோட்டத்துல வீசிட்டாங்க, ராத்திரி பெஞ்ச மழையில சுண்ணாம்பு கரைஞ்சு மறுநாள் பாத்தா உள்ள இருந்து முகங்கள். மழை மட்டும் அன்னிக்குப் பெய்யலன்னா குளிருக்கு எரிச்சிருப்பாங்க.

வாசல்ல நடக்கறது

ஒவ்வொரு சர்ச்சோட முகப்பு மண்டபத்துலயும் ஒரு மடக்கு மேஜை போட்டிருப்பாங்க. அதுல ஜக்கு நிறைய ஆரஞ்சு ஸ்குவாஷ், தட்டுல பிஸ்கட், சில ஊர்ல வீட்டுல செஞ்ச கேக் (எந்த ஊர்ல கேக்குன்னு பழைய ஆளுங்களுக்கு மனப்பாடம், பாதையே அதை வச்சுத்தான் போடுவாங்க). காத்துல பறக்காம இருக்க ஜெபப் புத்தகத்தை மேல வச்ச ஒரு தாள். வர்றவங்க பேர், எந்த சர்ச்சுக்காக நடக்கறாங்க, எத்தனை மணி. மேஜைக்குப் பின்னாடி ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு முறை வச்சு ஊர்க்காரங்க உக்காருவாங்க. வர்றவங்க ஃபார்ம்ல இவங்க ஒரு கையெழுத்துப் போடுவாங்க. நடக்க முடியாத வயசானவங்களுக்கும் இதுல பங்கு இருக்கு, சில இடத்துல இப்படி உக்கார்றதுக்கே தனியா ஸ்பான்சர் வாங்கிக்கலாம். ஆள் யாரும் இல்லாத சர்ச்ல தாள் மட்டும் கதவுல தொங்கும், நீங்களே எழுதிட்டுப் போக வேண்டியதுதான்.

ஸ்பான்சர் பண்றவங்க ரெண்டு விதமா ஒத்துக்கலாம். ஒரு சர்ச்சுக்கு இவ்ளோன்னு, இல்லன்னா மொத்தமா ஒரு தொகை. சைக்கிள்காரர்கிட்ட 'சர்ச்சுக்கு ஒரு பவுண்ட்'னு வாய் விட்டவங்க சாயந்திரம் அவர் நாப்பது கையெழுத்தோட வந்து நிக்கும்போது முழிப்பாங்க. நடக்கறவங்களுக்கு அது கட்டுப்படியாகாது, நாள் பூரா நடந்தாலும் நாலஞ்சு சர்ச்தான், அதனால மொத்தத் தொகையா கேக்கறதுதான் புத்திசாலித்தனம்.

இப்ப கணக்கு. உதாரணத்துக்கு உங்களுக்குப் பன்னிரண்டு பேர் தலைக்குப் பத்து பவுண்ட் குடுக்கறாங்கன்னு வைங்க, 120 பவுண்ட். அதுல ஒன்பது பேர் கிஃப்ட் எய்ட் (வரி கட்டறவங்க குடுக்கற நன்கொடைக்கு அரசாங்கம் கொஞ்சம் கூட்டிக் குடுக்கற திட்டம்) கட்டத்துல டிக் பண்ணி வீட்டு முகவரி, போஸ்ட்கோட் எல்லாம் ஒழுங்கா எழுதியிருந்தா, அவங்க குடுத்த 90 பவுண்டுக்கு வரித்துறைகிட்ட இருந்து பவுண்டுக்கு 25 பென்ஸ் வீதம் 22.50 கூட வரும். மொத்தம் 142.50. இதை ரெண்டாப் பிரிச்சா 71.25 நீங்க ஃபார்ம்ல குறிப்பிட்ட சர்ச்சுக்கு, 71.25 கவுண்டி ட்ரஸ்டுக்கு. நீங்க சொல்ற சர்ச் ஆங்கிலிக்கனா, அதாவது சர்ச் ஆஃப் இங்கிலாந்தோடதாத்தான் இருக்கணும்னு இல்ல, மெத்தடிஸ்ட் சாப்பல், குவேக்கர் மீட்டிங் ஹவுஸ்னு எதை வேணா சொல்லலாம். சொல்ல மறந்துட்டேன், முகவரி எழுதாம வெறும் டிக் மட்டும் போட்ட ஸ்பான்சராலதான் கவுண்டி கவுண்டியா பணம் நழுவுது, கையெழுத்து புரியாததால நழுவறது தனி.

அந்தப் பாதிக்குப் பாதி

இந்த ரூல்ல ரெண்டு வேலை ஒளிஞ்சிருக்கு.

முதல் பாதி சுயநலத்துக்குத் தீனி. 'சஃபோக்ல இருக்கற சர்ச்சுகளுக்காக'ன்னு சொல்லி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினா ரெண்டு பவுண்ட் வரும். 'நம்ம ஊர் கோபுரம் ஒழுகுது, உங்க பொண்ணுக்குக் கல்யாணம் நடந்த இடம்தானே'ன்னு சொன்னா பத்து வரும். பப்புல உக்கார்றவர்கிட்டயும் இது எடுபடும், ஏன்னா கேக்கறது கடவுளுக்காக இல்ல, ஊருக்காக. பெரிய சாரிட்டிங்க விளம்பரத்துக்குக் கொட்டற காசை இங்க அக்கம்பக்க உறவே செஞ்சு முடிச்சிடுது, ட்ரஸ்ட்டுக்கு ஆகற செலவு ஃபார்ம் அடிக்கறதும் தபாலும்தான் பெரும்பகுதி.

ரெண்டாவது பாதி கவுண்டி ட்ரஸ்டுக்குப் போய் ஒரு பொதுப் பானையில சேருது. கூரை வேலை வர்ற சர்ச் அதுல இருந்து கிராண்ட் கேட்டு விண்ணப்பிக்கும், கிடைக்கறது பெரும்பாலும் சில ஆயிரம் பவுண்ட்தான். லட்சத்துக்கு மேல பில் இருக்கும்போது இது என்னத்துக்குன்னு தோணும். ஆனா பெரிய கிராண்ட் குடுக்கற இடத்துல எல்லாம் முதல் கேள்வி, 'நீங்க எவ்ளோ சேர்த்தீங்க, உங்க மேல வேற யார் நம்பிக்கை வச்சாங்க?' கவுண்டி ட்ரஸ்ட் குடுத்துருக்குன்னா யாரோ விஷயம் தெரிஞ்சவங்க வந்து கட்டடத்தைப் பாத்து, ஆர்க்கிடெக்ட் ரிப்போர்ட்டைப் படிச்சு, வேலை நியாயமானதுதான்னு சொல்லியிருக்காங்கன்னு அர்த்தம். அந்தச் சின்னத் தொகை பின்னாடி வர்ற பெரிய தொகைக்குக் கதவைத் திறக்குது.

சிக்கல் வர்ற இடங்கள்

எல்லாம் நல்லாத்தான் இருக்கா? இல்ல. வயசு பெரிய பிரச்சினை, நடக்கறவங்களும் மேஜையில உக்கார்றவங்களும் ஸ்பான்சர் பண்றவங்களும் அதே ஆளுங்க, வருஷா வருஷம் எல்லாரும் ஒரு வயசு கூடறாங்க. காசு கையில வச்சுக்கற பழக்கம் போயிடுச்சு, ஆன்லைன் பேஜ் வச்சா வெளியூர்ல இருக்கற பேரன் பேத்தி கூட ஸ்பான்சர் பண்ணுவாங்க, கிஃப்ட் எய்ட் சிக்கலும் கம்மி. இருந்தும் பல ஊர் இன்னும் பேப்பர் ஃபார்மைப் பிடிச்சுத் தொங்குது. அதுக்கும் நியாயம் இருக்கு, ஃபார்மை நீட்டினா முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்றது கஷ்டம், லிங்க் அனுப்பினா பாத்தும் பாக்காத மாதிரி விட்டுடலாம்.

அதைவிட வயித்தெரிச்சல், வரி. பழைய கட்டடத்தை ரிப்பேர் பண்ணினா 20 சதவீதம் வாட், புதுசா வீடு கட்டினா பூஜ்யம். அதாவது காப்பாத்தறதுக்கு வரி, புதுசா கட்டறதுக்கு வரி இல்ல. பட்டியல்ல உள்ள கட்டடங்கள்ல அனுமதி வாங்கி மாற்றம் செய்யறதுக்கு இருந்த விலக்கையும் 2012-ல எடுத்துட்டாங்க. 2001-ல இருந்து சர்ச் கட்டின வாட்டைத் திருப்பிக் குடுக்கற திட்டம் ஒண்ணு இருந்தது, 2025-ல அதுக்கும் ஒரு கட்டடத்துக்கு வருஷத்துக்கு 25,000 பவுண்ட்தான்னு உச்சவரம்பு போட்டாங்க. லாட்டரிப் பணத்துல வழிபாட்டு இடங்களுக்குன்னே இருந்த தனி கிராண்டும் 2017-ல மூடிட்டாங்க. இது போதாதுன்னு ஈயத் தகடு திருட்டு, உலோக விலை ஏறினப்ப எல்லாம் ராத்திரியோட ராத்திரியா கூரையை உரிச்சுக்கிட்டுப் போனாங்க, பழைய இரும்பு வியாபாரத்துல ரொக்கம் கைமாறறதைத் தடுக்கற சட்டம் வந்தப்புறம்தான் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது. ஒரே ராத்திரியில போற தகட்டோட விலை, அந்த ஊர் பல வருஷம் நடந்து சேர்த்ததை விட அதிகமா இருக்கும்.

இன்னொரு விஷயம், இந்த நாள் ஹெரிட்டேஜ் ஓப்பன் டேஸோட ஒட்டியே வருது, 1994-ல இருந்து செப்டம்பர்ல பழைய கட்டடங்களை இலவசமா திறந்து விடற விழா அது. ரெண்டும் சேர்ந்தா கூட்டம் கூடும்னு ஒரு வாதம், ஒண்ணோட விளம்பரத்தை இன்னொண்ணு விழுங்குதுன்னு ஒரு வாதம். எனக்கு முதல் கட்சி. வருஷம் பூரா பூட்டியே கிடக்கற சர்ச் எத்தனையோ, அதுங்க கதவும் அன்னிக்காவது திறக்கும், அக்கம்பக்கத்துல இருபது வருஷமா குடியிருக்கறவங்க கூட அன்னிக்குத்தான் முதல் தடவையா உள்ள எட்டிப் பாப்பாங்க.

பாதிக்குப் பாதி ரூலைக் குறை சொல்றவங்களும் உண்டு, 'நாங்க கஷ்டப்பட்டு சேர்த்ததுல பாதியை ஏன் ட்ரஸ்ட் எடுத்துக்கணும், எங்க கூரைக்கே பத்தல'ன்னு. சில ஊர் தனியா தன் சர்ச்சுக்கு மட்டும் நடை வச்சுக்கறதும் உண்டு. கையில முழுப் பணம் வருது, தப்பு சொல்ல முடியாது. ஆனா சவுத்வோல்ட் மாதிரி லீவு வீடும் டூரிஸ்டும் நிறைஞ்ச ஊர்ல அம்பது பேர் நடப்பாங்க, ஸ்பான்சருக்கும் பஞ்சமில்ல. உள்நாட்டுல வயலுக்கு நடுவுல பதினஞ்சு வீடு மட்டும் இருக்கற ஊர்லயும் அதே அளவு பழசு, அதே அளவு அருமையான சர்ச் இருக்கு, அங்க நடக்க ஒருத்தர் கூட இல்ல. ஊருக்கு வர்ற பாதிங்கறது அவங்களைப் பொறுத்தவரைக்கும் சுத்தமா பூஜ்யம். அவங்க கூரைக்கு இந்த நடையில இருந்து எதாவது வருதுன்னா அது சவுத்வோல்ட்காரங்க முணுமுணுத்துக்கிட்டே விட்டுக்குடுத்த அந்த இன்னொரு பாதியில இருந்து மட்டும்தான்.